மிதி அட்டை

நவம்பர் 24, ஞாயிறு

கொல்லிமலை என்று பெயர் வைத்தவர் சைக்கிளில் ஏறிப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். எழுபது கொண்டை ஊசி வளைவு. இன்று பன்னிரண்டாவது வளைவில் என் நுரையீரல் இறங்கிக்கொண்டது. நான் மட்டும் இன்னும் நூறு அடி போய், வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பினேன்.

பொங்கல் லீவில் ஐந்து நாள், மூன்று மலை. கொல்லிமலை, ஏற்காடு, கல்வராயன். மொத்தம் நானூறு கிலோமீட்டருக்குமேல். கூட்டிப் போவது எழுபது வளைவு சங்கம். சங்கம் என்றால் புலவர்கள் இல்லை, புட்டம் தேய்ந்த எட்டுப் பேர். தலைவி ரெஜினா அக்கா, முட்டைக் குளிர்கிடங்கில் வேலை, வயது இருபத்தாறு. சிரித்தால் மட்டும் பதினாறு, ஆனால் சிரிக்காது. இருப்பதில் சின்னவன் நான்தான், ப்ளஸ் ஒன் தரணீஷ்.

ஆளுக்கொரு அட்டை கொடுத்தது அக்கா. தேதி, மிதி, பெற்றோர் கையெழுத்து என்று மூன்று கட்டம்.

"ஒரு நாள்கூடக் காலியா விடக் கூடாது. எத்தனை கிலோமீட்டர் மிதிச்சியோ எழுது. மிதிக்கலைன்னா சைபர். அஞ்சு சைபருக்கு மேல வந்துச்சு, பேர அடிச்சிருவேன்."

"பேர மட்டுந்தானுங்க்கா அடிப்பீங்க?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

வீட்டில் அம்மா கையெழுத்துப் போட்டாள். ஜவ்வரிசி ஆலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், கையில் ஊறின கிழங்கு வாசம். "இருவத்தெட்டா? கால் வலிக்குதாடா சாமி?" என்று கேட்டாள். அப்பா லாரியோடு நாக்பூரில் இருக்கிறார்.

நவம்பர் 29

மழை. 18 கி.மீ. பால் சொசைட்டி அருகே ஒரு நாய் துரத்தியது. என் வாழ்நாளின் அதிவேகம் அதற்குத்தான் தெரியும்.

டிசம்பர் 3

அப்பா வந்துவிட்டார். பழைய பாடியைப் பிரித்துவிட்டுப் புதுசு கட்டுவதற்காக முதலாளி லாரியைப் பட்டறையில் விட்டிருக்கிறார். நாற்பது நாள் ஆகுமாம். நாற்பது நாளும் அப்பா வீட்டில்.

இதுவரை அவர் சேர்ந்தாற்போல் வீட்டில் இருந்தது ஆறு நாள்தான்.

அம்மா பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கவிழ்க்கிறாள். இன்று 22 கி.மீ. சமவெளியில்தான். இருந்தும் எதிர்காற்று.

டிசம்பர் 5, வியாழன்

அப்பாவுக்குக் குழம்பில் உப்பு ஜாஸ்தி. தட்டைத் தள்ளினார். எழுந்தார். அம்மா அடுப்பு மேடையை ஒட்டி நின்றாள்.

அந்த நேரம் பார்த்து எனக்குக் குறும்பு வந்தது. குறும்பு சொல்லிக்கொண்டா வரும்? போனில் லாரி ஏர்ஹாரனைப் பதிவு செய்து வைத்திருந்தேன். ப்ளூடூத் ஸ்பீக்கரை அவர் ஸ்டூலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனை அழுத்தினேன். எங்கள் சமையலறையில் பதினாறு சக்கர லாரி ஒன்று நுழைந்தது. அப்பா துள்ளியதில் தட்டு கவிழ்ந்து குழம்பு வேட்டியில்.

பிறகு நடந்தது போக்குவரத்து விதிப்படி நடந்தது. பெரிய வண்டி சின்ன வண்டியை ஏறியது.

அதன்பிறகு தொடை மடங்கவில்லை, சைக்கிள் எடுக்கவில்லை. அட்டையில் ஏற்கெனவே இரண்டு சைபர். யோசித்தேன். கட்டத்தின் தலைப்பு 'மிதி'. யார், யாரை என்று அக்கா போடவில்லை. எழுதினேன்: 4.

பொய் இல்லை. தமிழய்யா போன வாரம்தான் நடத்தினார். மிதித்தேன் என்றால் செய்வினை, மிதிக்கப்பட்டேன் என்றால் செயப்பாட்டுவினை. எண்ணிக்கை இரண்டுக்கும் ஒன்றுதான்.

டிசம்பர் 8, ஞாயிறு

நாற்பத்தொன்றாவது வளைவு! அதுவரை குரங்குகள் மட்டும்தான் என்னை மதித்தன. ஒன்று கைதட்டியது, இல்லை, பேன் நசுக்கியிருக்கலாம்.

தண்ணீர் குடிக்க நின்றபோது ரெஜினா அக்கா என் காலைப் பார்த்தது.

"என்னடா இது?"

"விழுந்துட்டேனுங்க்கா."

"எப்பப் பாத்தாலும் வலது பக்கமாவே விழறியே?"

"ரோடு அந்தப் பக்கந்தான் இருக்குதுங்க்கா."

அக்கா சிரிக்கவில்லை என்பது செய்தி இல்லை. நீர்க்குப்பியை மூடி ரொம்ப நேரம் திருகிக்கொண்டிருந்தது.

அப்பாவுக்கு இடது கால்தான் பலம். இருபது வருடம் கிளட்ச் மிதித்த கால். எதிரே நிற்பவனுக்கு வலது பக்கம்.

டிசம்பர் 13

அரையாண்டுப் பரீட்சை. வேதியியல் என்னை வேதித்தது. 0 கி.மீ. அப்பா நாள் பூராவும் பட்டறையில். அம்மா துணி மடிக்கும்போது ஏதோ பாட்டு முணுமுணுத்தாள்.

டிசம்பர் 18, புதன்

எதற்கும் ஒரு குறும்பைக் கையிருப்பில் வைத்திருப்பது நல்லது. நேற்றுக் காலையே அப்பாவின் வெள்ளைச் சட்டை முதுகில் பட்டை மார்க்கரால் எழுதி மடித்து வைத்துவிட்டேன். பள்ளி வேனுக்குப் பின்னால் எழுதியிருப்பார்களே, 'இவ்வாகனம் அடிக்கடி நிற்கும்' என்று, அதில் ஒரே ஒரு சொல்லைத் திருத்தி:

இவ்வாகனம் அடிக்கடி அடிக்கும்.

இன்று அதைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய், பட்டறைக்குப் போய், ஊரே படித்த பிறகு வீட்டுக்கு வந்தார். அவருக்கு மட்டும் தெரியாது. யாரும் அவரிடம் சொல்லவில்லை. அதை நினைத்தால்தான் ஆச்சரியமாக இருக்கிறது. அத்தனை பேரில் ஒருவர்கூட 'என்னண்ணா இது' என்று கேட்கவில்லை.

சாயந்திரம் அம்மா ஆலையிலிருந்து வரக் கால் மணி நேரம் தாமதம். மிஷின் நின்றுவிட்டதாம். "எந்த மிஷினுடி?" என்றார் அப்பா. ஆணியிலிருந்து பெல்ட்டை எடுத்தார். இரண்டு சுற்று கையில் சுற்றினார்.

கையிருப்பை எடுத்தேன். "அப்பா, முதுகுல என்னமோ எழுதியிருக்குது, கண்ணாடியில பாருங்" என்றேன்.

பெல்ட் முதலில். தடுக்கக் கை தூக்கியதால் முழங்கையில் கொக்கி. கீழே விழுந்த பிறகு கால். அம்மா குறுக்கே வந்தாள், தள்ளிவிட்டார், மறுபடி வந்தாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணினால் வலி வரிசையில் நிற்கும், கூட்டமாக வராது. ஆறாவதில் விலாவில் ஏதோ முறுக்குக் கடித்த சத்தம். சிரிப்பு வந்தது. சிரித்திருக்கக் கூடாது. சிரிக்காமல் இருந்திருந்தால் ஆறோடு முடிந்திருக்கும்.

மிதி: 9.

டிசம்பர் 21

மூச்சு இழுத்தால் குத்துகிறது. ஆகவே பாதி மூச்சாக இழுக்கிறேன். சிக்கனம்.

அப்பா என் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டீசலில் செயினைக் கழுவினார். பல் பல்லாகப் பிரஷ் போட்டுத் தேய்த்தார். "எறக்கத்துல பிரேக்க அமுக்கியே வெக்காதடா, சூடேறிரும். விட்டு விட்டுப் புடி" என்றார். குரல் அவ்வளவு மெத்தென்று இருந்தது. அவர் சட்டையில் மார்க்கர் போகவே இல்லை, அதோடுதான் உட்கார்ந்திருந்தார்.

இந்த அப்பா எந்த நாளில் வருவார் என்று ஒரு கால அட்டவணை இருந்தால் தேவலை.

டிசம்பர் 22, ஞாயிறு

எழுபதும் ஏறிவிட்டேன்!!!

அரை மூச்சில் ஏறினேன் என்பதால் எனக்கு மட்டும் நூற்றிநாற்பது வளைவு. ஐம்பதுக்கு மேல் பனி. முன்சக்கரம் தெரியவில்லை. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்ததும் உடம்பு தானாகச் சுருண்டது, சைக்கிள் ஓடையில் இறங்கியது. ரெஜினா அக்கா தூக்கிவிட்டது. அறுபத்தொன்பதில் அழுதேன், எழுபதில் அதை வியர்வை என்று அறிவித்தேன். மேலே ஆளுக்கு மூன்று மலைவாழைப்பழம். நான் ஐந்து தின்றேன். ரெஜினா அக்கா சிரித்தது. பதினாறுதான்.

போக வர ஐந்தரை மணி நேரம். மிதி: 70.

வீட்டுக்கு வந்தேன். அம்மா உதடு கிழிந்திருந்தது. இடது கண் மூடியிருந்தது. கதவில் இடித்துக்கொண்டாளாம். அம்மா சைக்கிள் ஓட்டுவதில்லை, ஆகவே விழ முடியாது.

"எழுவதும் ஏறிட்டியா?" என்றாள், பேச்சு குழறியது. "குடு, கையெழுத்துப் போடறேன்."

ஐந்தரை மணி நேரம் நான் வீட்டில் இல்லை.

டிசம்பர் 23

0.

டிசம்பர் 24

0.

டிசம்பர் 27

அப்பாவின் டீயில் உப்பு. 6.

ஜனவரி 2

ரெஜினா அக்காவுக்கு போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

"ஏன்டா?"

"மலை ஒத்துக்கலைங்க்கா. எனக்கு மலைச்சிக்கல்."

"தரணி, நெசத்தச் சொல்லு."

ஐந்தரை மணி நேரத்துக்கு ஒரு கண் என்றால், ஐந்து நாளுக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன் என்று சொல்ல முடியுமா? நான் கணக்கில் வீக் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜனவரி 4, சனி

ரெஜினா அக்கா வீட்டுக்கே வந்துவிட்டது. அப்பாவிடம் அனுமதிக் கையெழுத்து வாங்கவாம்.

விருந்தாளி வந்தால் அப்பா வேறு ஆள். நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். "சொல்லுங்கம்மா, நல்லா இருக்கீங்களா?" என்றார். அம்மாவின் கண்ணைக் கண்டு அக்கா ஒரு வினாடி நின்றது. "கதவுங்க" என்று அம்மா முந்திக்கொண்டாள்.

அக்கா என் அட்டையை எடுத்து வைத்துப் பாராட்ட ஆரம்பித்தது.

"இவனக் கூட்டிட்டுப் போகலைன்னா சங்கத்துக்குத்தானுங்கண்ணா நஷ்டம். மத்த பசங்கெல்லாம் லீவு போடற அன்னிக்குக்கூட இவன் முக்காவாசி கொஞ்சமாச்சும் மிதிச்சிருக்கான். பாருங்க, டிசம்பர் அஞ்சு, நாலு. டிசம்பர் பதினெட்டு, ஒம்போது. பரீட்சை நேரமுங்க அது! இருவத்தேழு, ஆறு."

அப்பா சிரித்தார். "பின்ன? மிதிச்சு மிதிச்சு வளத்த ஒடம்பாச்சே" என்றார்.

தெரிந்து சொன்னாரா தெரியாமல் சொன்னாரா? கண்ணைப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. கையெழுத்தைப் பெரிதாகப் போட்டார்.

அம்மா டீ டம்ளர்களோடு வாசற்படியில் நின்றவள் அங்கேயே நின்றாள். டீ ஆடை கட்டியது.

அக்கா போனது, அப்பா அதை வழியனுப்ப வெளியே போனார். அம்மா என் பக்கத்தில் வந்து அட்டையைக் கையில் எடுத்தாள்.

"பதினெட்டாந்தேதி ஒம்போதா?"

அட்டையை வாங்கக் கை நீட்டினேன்.

"நான் எட்டுன்னுதான் எண்ணியிருந்தேன்" என்றாள்.

ஜனவரி 5

அம்மா ஆலைக்குக் கிளம்பும்போது, செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள். "அவரு என்ற பக்கம் திரும்பற அன்னிக்கு மட்டும் உனக்கு வெளையாட்டு வருது. இத்தன நாளா அத வெளையாட்டுன்னே நெனச்சுக்கிட்டேன். அப்படி நெனச்சுக்கறது எனக்குச் சௌரியமா இருந்துச்சுடா."

நான், "இல்லம்மா, அது ஹார்மோன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. ரெஜினா அக்கா நோய் தொற்றுகிறது போல.

ஜனவரி 9, வியாழன்

பட்டறையில் பெயிண்ட் தாமதமாம். பொங்கலுக்கு முன்னால் வண்டி வராதாம். அப்பா மத்தியானமே குடித்துவிட்டு வந்தார். நான் பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டர் சத்தத்தில் அவர் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை. அதுதான் குற்றம்.

முடியைப் பிடித்தார். நான் வாயைத் திறந்தேன், ஒரு குறும்பு தயாராகவே இருந்தது.

"வேண்டாம் தரணி" என்றாள் அம்மா. அவர் கையில் தலை சாய்ந்தபடியே, என்னைப் பார்த்து, சாதாரணமாக. "இன்னிக்கி நீ உக்காரு."

உட்கார்ந்தேன். எனக்கே நம்ப முடியவில்லை, நான் உட்கார்ந்தேன்.

அவள் தலையைக் கிரைண்டர் விளிம்பில் மோதினார். ஒரு முறை. மாவில் சிவப்புச் சொட்டு விழுந்து, கல் அதையும் சேர்த்து அரைத்தது. மறுபடியும் தலையைப் பின்னுக்கு இழுத்தார்.

எப்போது எழுந்தேன் என்று நினைவில்லை. இவ்வளவு வளைவும் ஏறின கால் அது, என்னைக் கேட்கவில்லை. இடுப்புக்குமேல் ஓர் உதை. அப்பா பறந்தார், சுவரில் மோதினார், விழும்போது இடது கையை ஊன்றினார். உலர்ந்த குச்சி உடைகிற சத்தம். அவர் அலறினார். நான் நிறுத்தவில்லை. காலை மறுபடி ஓங்கினேன். அவர் முகம் நேர் கீழே இருந்தது. எனக்கு அது இனித்தது. பொய் எழுதக் கூடாது, இனித்தது. அம்மா என் காலைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். நெற்றி ரத்தம் என் கால்சட்டையில் ஒட்டியது.

மிதி: 1. செய்வினை.

ஜனவரி 10

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு மாவுக்கட்டு. எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டார்.

"பையனோட சைக்கிள ஓட்டிப் பாத்தனுங். விழுந்துட்டேன்" என்றார் அப்பா.

அம்மாவுக்கு நெற்றியில் ஐந்து தையல். அவள் கதவு என்றாள். டாக்டர் எங்கள் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தார். எங்கள் வீட்டில் கதவும் சைக்கிளும் மட்டும்தான் ஒழுங்கீனம்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். நல்ல கையால் என் தொடையைத் தட்டினார். மெதுவாக, மாட்டைத் தட்டிப் பார்ப்பதுபோல.

"நல்லா எறங்குச்சுடா. என்ற காலேதான். இப்பத்தான் நீ என்ற பையன்" என்றார். பெருமையாகச் சொன்னார்.

இதை வைத்து ஒரு சிலேடை எழுதலாம் என்று அரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். வரவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

அப்பா பட்டறைக்குப் போயிருந்தார். அம்மா ஒரு பையில் துணி அடுக்கினாள். இன்னொரு பையில் என்னுடையது.

"ஆலையில பொம்பளைங்க தங்கற ரூம்பு ஒண்ணு காலியா இருக்குது. கேட்டுட்டேன்" என்றாள்.

"நான் பாத்துக்கறம்மா. இனிமே தொட மாட்டாரு. பயந்துட்டாரு" என்றேன்.

"அதுக்குத்தான் போறேன்" என்றாள். சேலையை மடித்துக்கொண்டே சொன்னாள். "உங்கப்பனுக்கும் ஒரு மொதத் தடவ இருந்துச்சு சாமி. அவரு அப்பன அடிச்சாரு. அவரு அம்மாவுக்காகத்தான். எனக்கு நிச்சயமான புதுசு, எங்கிட்டப் பெருமையாச் சொன்னாரு. நானும் நல்ல மனுசன்னு நெனச்சேன்."

அப்புறம் அவள் மடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூலைக்கு மூலை சரியாக மடித்தாள்.

ஜனவரி 13, திங்கள், போகி. கொல்லிமலை மேலே, செம்மேடு

சங்கம் காலை ஆறு மணிக்கே அடிவாரத்திலிருந்து கிளம்பிவிட்டது. நான் அப்போது ஆலை ரூமிலிருந்து நேராக வந்து, அம்மாவோடு மகளிர் காவல் நிலையத்துப் பெஞ்சில். சைக்கிளை வெளியே சாத்தியிருந்தேன்.

ஒன்பது மணிக்கு ஓர் ஏட்டம்மா கூப்பிட்டார். "எத்தனை நாளா? தேதி ஏதாச்சும் ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டார். அம்மா பையிலிருந்து என் அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

ஏட்டம்மா படித்தார். "டிசம்பர் பதினெட்டு, மிதி ஒம்போது. ஏம்மா, ஒம்போது கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுனதுக்கெல்லாமா கம்ப்ளெயிண்ட்டு?"

"அது சைக்கிள் மிதி இல்லீங்" என்றாள் அம்மா.

ஏட்டம்மா மறுபடி அட்டையைப் பார்த்தார். பிறகு என்னை. பிறகு என் வலது காலை. ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "எது எது எதுன்னு நீயே எழுது. நேராப் புரியற மாதிரி எழுதணும்."

நேராக எழுதுவது எழுபது வளைவைவிடக் கஷ்டம். முதல் வரியில் 'போக்குவரத்து' என்று ஆரம்பித்து அடித்தேன். இரண்டாவது வரியில் 'எதிர்காற்று', அதையும் அடித்தேன். மூன்றாவது தடவை எழுதியது: 'டிசம்பர் ஐந்தாம் தேதி என் அப்பா என்னை நான்கு முறை உதைத்தார். அம்மாவை அடிக்க வந்தார், அதனால் நான் அவருக்குக் கோபம் வரும்படி செய்தேன்.'

ஏட்டம்மா விரலால் தேதிகளைத் தொட்டுக்கொண்டே வந்தார். "இது? ஜனவரி ஒம்போது, ஒண்ணு?"

அம்மாவைப் பார்த்தேன்.

"அதையும் எழுது" என்றாள்.

எழுதினேன். கை உடைந்ததை எழுதினேன். மறுபடி காலை ஓங்கியதை எழுதினேன். இனித்ததை எழுதவா என்று யோசித்து, அதையும் எழுதினேன். ஏட்டம்மா அந்த வரியை இரண்டு தடவை படித்தார். தண்ணீர்ப் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

"இது பையனோடது. உன்னோடது எத்தனை இருக்கும்மா?"

நான் என்னுடையதை மட்டும்தான் எண்ணியிருக்கிறேன். ஹாரனும் உப்பும் மார்க்கரும் வைத்து மொத்தத்தையும் நான் வாங்கிக்கொண்டேன் என்று நினைத்திருந்தேன்.

அம்மா சேலை முந்தானையை மடியில் சரி செய்துகொண்டாள். நான் பிறப்பதற்கு முந்தின வருடத்திலிருந்து ஆரம்பித்தாள். கிழமையோடு சொன்னாள், என்ன சமையல் என்றுகூடச் சொன்னாள். ஏட்டம்மா ஒரு தாள் முடித்து இன்னொரு தாள் எடுத்தார், அது முடிந்து இன்னொன்று. கணக்கு நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடத்துக்கு வந்தபோது மணி பதினொன்று.

அம்மா நடுவில் நிறுத்தி என் பக்கம் திரும்பினாள்.

"நீ கெளம்பு சாமி. இருட்டறதுக்கு முந்தி ஏறிரலாம். எனக்கு முடிய இன்னும் நேரமாகும்."

"நீ எப்படிம்மா தனியா..."

"தனியாவா இருக்கேன்?" என்று ஏட்டம்மாவைக் காட்டினாள். "ரெஜினா பொண்ணுகிட்டச் சொல்லிட்டேன், ஏழாவது வளைவுல தண்ணிக் குழாய்கிட்ட நிக்கறேன்னுச்சு. போ."

ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டுப் போகலாம் என்று நின்றேன். அவள் அதற்குள் திரும்பிக்கொண்டாள்.

படியிறங்கி ஹெல்மெட் வாரை மாட்டும்போது உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. அதட்டாமல், தயங்காமல், ஆலையில் மூட்டை எண்ணிச் சொல்கிற குரல்.

"இல்லீங், கார்த்திகை இல்ல. அது தை மாசம். நீங்க அடிச்சிட்டுச் சரியா எழுதுங்."